கூடல் நீங்கிய காமக்கதை: ஓர் அமெரிக்க இணையத் தொடரின் நகைத்திறன்

1. பொருளும் எல்லையும்

இலக்கிய வகை ஒன்று தோன்றிப் பலராலும் போற்றப்பட்டுப் பின்னர்ப் பயின்ற வழியே மீண்டும் மீண்டும் நடந்து தளருங்கால், அதனைப் போலச் செய்து நகையாடும் நூல் ஒன்று பிறத்தல் பன்மொழி இலக்கிய வரலாறுகளிலும் காணப்படும் இயல்பாகும். ஐரோப்பாவில் வீரர்தம் செலவுகளைப் பாடும் கதைகள் பெருகிச் சலிப்பூட்டிய நிலையில், செர்வாண்டிஸ் என்பார் 1605-இல் 'டான் குவிக்சோட்' என்னும் புதினத்தின் முதற் பகுதியை வெளியிட்டமை இதற்குப் பலரும் அறிந்த சான்று. போலச் செய்து நகைக்கும் இக்கலையை இன்று பகடி என வழங்குகிறோம். திறனாய்வுக் கட்டுரைகள் பலவற்றில் பகடி என்பதும் அங்கதம் என்பதும் ஒருபொருட் கிளவிகளாகவே ஆளப்பட்டு வருகின்றன. இவ்விரண்டும் ஒன்றா, வேறா என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

இவ்வினாவை ஆராய்தற்கு, 2008 அக்டோபரில் அமெரிக்காவில் இணையவழி வெளிவரத் தொடங்கிய 'பி.ஜி. போர்ன்' என்னும் நகைச்சுவைத் தொடரை எடுத்துக்கொள்கிறோம். ஜேம்ஸ் கன் என்னும் திரைப்பட இயக்குநரும், அவர்தம் உடன்பிறந்தாராகிய பிரையன் கன், ஷான் கன் ஆகியோரும் கூடி இதனைப் படைத்தனர். காமப்படங்களின் கதைத் தொடக்கத்தை அவ்வாறே போலச் செய்து, இறுதியிற் கூடல் மட்டும் நிகழாதபடி முடித்துவிடுதல் இத்தொடரின் உத்தியாகும்.

இத்தகைய பொருள் ஆராய்ச்சிக்கு ஏற்றதோ என ஐயுறுவார் உளராகலாம். மரபு உயர்ந்ததாயினும் தாழ்ந்ததாயினும் மரபேயாகும். எளிய மரபில் உறுப்புகள் யாவும் வெளிப்படையாகத் தெரிதலின், பகடி எந்த உறுப்பைத் தொட்டு எதனை மாற்றுகிறது என்பதை அங்கே தெளிவாகக் காணலாம். அறுத்துப் பார்த்துக் கற்போர் சிற்றுயிர்களினின்று தொடங்குதல் போன்றதே இதுவும் என்க.

சொல்லாட்சி பற்றியும் ஒன்று கூற வேண்டும். 'ஆபாசப் படம்' என்னும் வழக்கு ஆராய்ச்சிக்கு முன்னரே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. 'வயது வந்தோர் படம்' என்பது காண்போரைச் சுட்டுமேயன்றிப் பொருளைச் சுட்டாது. ஆதலின் புணர்ச்சியைக் காட்டுதலையே முதன்மை நோக்கமாகக் கொண்ட படத்தைக் 'காமப்படம்' என்றே இக்கட்டுரை முழுதும் ஆள்வோம்.

2. முன்கதை என்னும் மரபு

காமப்படத்தின் கதைமரபு மிகச் சுருங்கியது. ஒரு வீடு, தனித்திருக்கும் தலைவி, வாயிலில் மணியோசை, குழாய் பழுதுபார்ப்பவனோ மின்பணியாளனோ உணவு கொணர்பவனோ வந்து நிற்றல், இருபொருள்படச் சில சொற்கள், அதன்பின் கூடல். இக்கூடலுக்கு முன்னர் அமைவதனை 'முன்கதை' எனக் குறிப்போம். முன்கதையில் வருவோர்க்குப் பெயர் இருப்பினும் வரலாறு இல்லை. தொழில் இருப்பினும் உழைப்பு இல்லை. கூடல் தொடங்கியதும் தொழிலாளி தொழிலாளியாய் இருத்தல் ஒழிகிறான். ஒழுகும் குழாயை அதன்பின் எவரும் நினைப்பதில்லை.

கூடலே நோக்கமாயின், இச்சிறு கதைதானும் எதற்கு என்னும் வினா எழுகின்றது. இதற்கு விடையின் ஒரு பகுதி அமெரிக்கச் சட்ட வரலாற்றில் உள்ளது. அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1957-இல் ராத் வழக்கில், இழிகாமப் படைப்புக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு இல்லை எனத் தீர்ப்பளித்தது. 1966-இல், 'ஃபேனி ஹில்' என்னும் பழைய ஆங்கிலப் புதினத்தைப் பற்றிய வழக்கில், சமூகப் பயன் சிறிதும் இல்லாத படைப்பையே அவ்வாறு விலக்கலாம் என்னும் கருத்து முன்வைக்கப்பட்டது. 1973-இல் மில்லர் வழக்கில் இவ்வளவுகோல் மாற்றப்பட்டு, படைப்பினை முழுமையாக நோக்குங்கால் அதற்கு இலக்கியம், கலை, அரசியல், அறிவியல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒருவகையில் உறுதியான மதிப்பு உண்டா என்று பார்த்தல் வேண்டும் என்பதும் ஓர் அளவையாயிற்று. இந்நிலையில், மெலிந்த கதையாயினும் கதை ஒன்று இருத்தல் படைத்தோர்க்குக் கேடயமாயிற்று. முன்கதை காண்போர்க்காக மட்டுமன்றி நீதிமன்றத்தின்பொருட்டும் நின்றது எனலாம்.

பிறிதொரு காரணம் திரையரங்கு. 1972-இல் வெளிவந்த 'டீப் த்ரோட்', 'பிஹைண்ட் தி கிரீன் டோர்' முதலிய படங்கள் அரங்குகளில் முழுநீளப் படங்களாகவே காட்டப்பட்டன. அவற்றுள் முன்னது தன்னைத்தானே நகைத்துக்கொள்ளும் நகைச்சுவைப் படமாகவும் அமைந்தது. இவ்வகைப் படங்களை ஆராய்ந்த லிண்டா வில்லியம்ஸ் என்னும் அம்மையார், 1989-இல் வெளியிட்ட 'ஹார்ட் கோர்' என்னும் நூலில், காமப்படத்தை இசைநாடகப் படத்தோடு ஒப்பிட்டு விளக்கினார். இசைநாடகப் படத்திற் பாடலும் ஆடலும் கதைக்கு இடையிடையே வருதல்போலக் காமப்படத்திற் கூடற் காட்சிகள் வருகின்றன என்பது அவ்வொப்புமையின் சாரம். கதைக்கும் காட்சிக்கும் உள்ள இவ்வுறவை உணர்ந்தாலன்றிப் பகடியின் வேலை விளங்காது.

இம்மரபின் தளர்ச்சியையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். 1970-களின் பிற்பகுதியிற் காணொளி நாடாக்கள் இல்லங்களுட் புகுந்தன. ஒரு பொத்தானை அழுத்தி முன்கதையை விரைந்து கடந்துவிடும் வாய்ப்பு காண்போர் கையில் வந்தது. 2006, 2007 ஆம் ஆண்டுகளிற் சிறு துண்டுகளாகக் காமப்படங்களைக் காட்டும் இணையத்தளங்கள் பெருகத் தொடங்கியபின், முன்கதையே இல்லாத துண்டுகள் எண்ணிறந்து கிடைத்தன. வாயிலில் வந்து நின்ற பணியாளனை வரவேற்பார் அருகினர். 'பி.ஜி. போர்ன்' தொடர் தோன்றியது அதற்கு அடுத்த ஆண்டில் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

3. தொடரின் பெயரும் அமைப்பும்

தொடரின் பெயரே ஒரு முரண்தொடை. அமெரிக்கத் திரைப்படச் சங்கம் 1968-இற் படங்களைத் தரம் பிரிக்கும் முறையைக் கொணர்ந்தது. பெற்றோர் வழிகாட்டுதல் வேண்டப்படும் படத்திற்கு 1972 முதல் 'பி.ஜி.' என்னும் குறி வழங்குகிறது. இளையோர் காணலாகாப் படத்திற்கு உரிய 'எக்ஸ்' என்னும் குறியைச் சங்கம் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்யாமையின், காமப்படம் எடுப்போர் அதனைத் தாமே எடுத்து மும்மடங்காக்கி விளம்பரம் செய்தனர். 1990-இற் சங்கம் அக்குறியைக் கைவிட்டு வேறு குறி அமைத்தது. ஆகவே குடும்பத்தோடு காணும் படத்தின் குறியையும் காமப்படத்தின் பெயரையும் அடுத்தடுத்து வைத்த அளவிலேயே காண்போர் நகைக்கின்றனர். நகைக்குக் காரணம், ஒன்று மற்றொன்றை விலக்கும் என்னும் அறிவு அவர்களிடம் முன்னரே இருத்தல்.

ஒவ்வொரு பகுதியும் சில நிமிடங்களே ஓடும். ஆடவர் பாத்திரத்திற் பெரும்பாலும் தொலைக்காட்சியிலும் திரைப்படத்திலும் அறிமுகமான நடிகர் ஒருவர் வருவார். மகளிர் பாத்திரத்திற் காமப்படத்திலோ அத்தகைய ஒளிப்படங்களிலோ பெயர் பெற்றவர் ஒருவர் வருவார். முதற் பகுதியில் நேதன் ஃபில்லியனும் ஆரியா ஜியோவானியும் தோன்றினர். ஃபில்லியன் 2002-இல் ஒளிபரப்பான 'ஃபயர்ஃபிளை' என்னும் விண்வெளித் தொடரின் தலைவர். கன் இயக்கி 2006-இல் வெளிவந்த 'ஸ்லிதர்' என்னும் அச்சச் சுவைப் படத்திலும் நடித்தவர்.

பகுதி தொடங்கும்போது இசையும் ஒளியும் நடிப்பின் விறைப்பும் சொற்களின் வெறுமையும் காமப்படத்தினவேயாக அமைகின்றன. மரபு அறிந்தோர்க்கு ஐயம் எழாத அளவு போலி நுண்ணிதாகச் செய்யப்படுகிறது. கூடல் தொடங்கவேண்டிய தறுவாயில் எதிர்பாராத நிகழ்ச்சி ஒன்று புகுந்து யாவற்றையும் சிதைத்துவிடுகிறது. காமப்படத்தில் முன்கதை விரைவில் உதிரவேண்டிய தோல். இத்தொடரிலோ அத்தோலே கனி. வில்லியம்ஸ் காட்டிய ஒப்புமையை நீட்டிக் கூறின், பாடல் தொடங்கும் நேரத்தில் இசைக்குழுவே எழுந்து சென்றுவிட்ட இசைநாடகம் இஃது எனலாம்.

4. சிலேடையும் இடக்கரடக்கலும்

அவையிற் கூறலாகாத சொல்லை மறைத்துக் கூறுதலை நம் இலக்கணிகள் இடக்கரடக்கல் என்பர். நன்னூலார் இதனை மங்கலம், குழூஉக்குறி என்பவற்றோடு சேர்த்துத் தகுதி வழக்காக எண்ணினார். காமப்படத்தின் முன்கதையில் நிகழும் உரையாடலை இவ்விலக்கணம் கொண்டு நோக்கின் ஒரு வியப்பு புலனாகும். குழாய், சாவி, ஆணி, பெட்டி எனப் பணியாளன் கூறும் சொற்கள் யாவும் நேர்பொருளிற் குற்றமற்றவை. குறிப்புப் பொருளில் இடக்கர். ஆயின் அங்கு மறைப்பு உண்மையான மறைப்பன்று. குறிப்புப் பொருள் யாவர்க்கும் தெரிந்ததே. நேர்பொருளே எவர்க்கும் வேண்டாதது. அடக்குதற்காகத் தோன்றிய வழக்கு அங்கே அறிவித்தற்குப் பயன்படுகிறது.

'பி.ஜி. போர்ன்' இதனைத் தலைகீழாக்குகிறது. முதற் பகுதியின் பெயர் 'நெய்லிங் யுவர் வைஃப்'. ஆணி அடித்தலைக் குறிக்கும் அவ்வினை ஆங்கிலக் கொச்சை வழக்கிற் புணர்ச்சியையும் குறிக்கும். காமப்படத்தில் அப்பெயர் வரின், தச்சன் என்பது சாக்கு. கொச்சைப் பொருளே பொருள். இத்தொடரிலோ தச்சன் தச்சனே, ஆணி ஆணியே. எல்லாரும் கைவிட்ட நேர்பொருள் திரும்பி வந்து தன் உரிமையைக் கேட்கிறது. சிலேடையின் இரு பொருள்களுள் இழிந்ததனைக் கேட்கக் காத்திருந்த செவியில் எளியது வந்து விழுதலின் நகை பிறக்கின்றது.

பிற பகுதிகளின் பெயர்களும் இவ்வழியில் ஆராயத்தக்கன. 1952-இல் வெளிவந்த 'ஹை நூன்' என்னும் படத்தின் பெயரில் ஓர் ஒலியை மாற்றி, அவையில் விளக்கலாகாத கொச்சைச் சொல் ஒன்று தோன்றுமாறு 'ஹை பூன்' என அமைத்தனர். 1963 முதல் ஒளிபரப்பாகி வரும் 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்' என்னும் தொடரின் பெயர் அவ்வாறே 'ஜெனிட்டல் ஹாஸ்பிட்டல்' ஆயிற்று. புகழ்பெற்ற படங்களின் பெயரைச் சிறிது திரித்துத் தம் படங்களுக்கு இடுதல் காமப்படத் தொழிலினர் நெடுங்காலம் கையாண்ட வழக்கம். 'பிரேடி பஞ்ச்' என்னும் குடும்பத் தொடரைத் தழுவி 2007-இற் காமப்படம் ஒன்று எடுக்கப்பட்டது. ஆகவே காமப்படம் ஏனைய படங்களைப் பகடி செய்ய, கன் உடன்பிறந்தார் அப்பகடியைப் பகடி செய்தனர் எனல் பொருந்தும்.

5. நகையின் நிலைக்களன்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறினார். பழந்தமிழ்க் கவிதையியலைப் பிற நாட்டுப் படைப்புகளோடு பொருத்துங்கால் ஓர் எச்சரிக்கை வேண்டும். எல்லாம் நம் முன்னோர் முன்னரே கூறினர் என நிறுவுதல் நம் நோக்கமன்று. கருவி கூரிதாயின் அதனைப் பயன்படுத்துதலே நோக்கம்.

இத்தொடரின் நகை பெரும்பாலும் மடன் என்னும் களத்திற் பிறக்கின்றது. பிறர் கொளுத்தக் கொண்டு, கொண்டதை விடாது நிற்றல் மடன் என்பது உரையாசிரியர் தரும் விளக்கத்தின் சாரம். குழாயைச் சரிசெய்ய அழைக்கப்பட்டவன் தான் குழாயைச் சரிசெய்யவே அழைக்கப்பட்டதாக நம்பி நிற்பின் அஃது உலகத்தில் இயல்பு. காமப்பட உலகிலோ அது மடமை. ஒரு மாந்தனின் இயல்பான நடத்தை மடமையாகத் தோன்றும்படி ஓர் உலகம் அமைக்கப்பட்டிருப்பின், நகைக்கத்தக்கது அம்மாந்தனா, அவ்வுலகமா? இவ்வினாவைக் காண்போர் உள்ளத்தில் எழுப்புதலே தொடரின் சிறப்பு.

இதனை மேலும் தெளிவாக்க, நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் பாகுபாடு உதவும். சுவைபட வருவனவற்றை எல்லாம் ஓரிடத்துத் தொகுத்துக் கூறுதல் நாடக வழக்கு என்றும், உலகத்தார் ஒழுக்கத்தோடு ஒத்து வருவது உலகியல் வழக்கு என்றும் இளம்பூரணர் கருதினார். நல்ல புலனெறி வழக்கம் இரண்டனையும் சார்ந்து நிற்கும். காமப்படமோ சுவைபட வருவனவற்றை மட்டும் தொகுத்து, உலகியலை முற்றும் நீக்கிவிடுகிறது. அங்கு எவர்க்கும் களைப்பில்லை. கணவன் திரும்பி வருதலால் விளையும் கேடில்லை. செய்த வேலைக்குக் கூலியும் இல்லை. சுருங்கக் கூறின், செயலுக்கு விளைவே இல்லை. 'பி.ஜி. போர்ன்' கூடலை நீக்கியதாகத் தோன்றினும், உண்மையில் அது செய்த வேலை விளைவைத் திரும்பக் கொணர்ந்தமையே. நீக்கம் வெளித்தோற்றம்; சேர்ப்பே உள்ளியல்பு. விபத்தும் அச்சமும் நாணமும் அக்கதையுட் புகுந்த அளவிற் காமப்படம் காமப்படமாக நிற்க இயலாமல் நகைச்சுவையாகிவிடுகிறது. இப்பகடியின் இலக்கு காமம் அன்று. விளைவற்ற காமம் என்னும் புனைவே அதன் இலக்கு.

6. எள்ளுவோரும் எள்ளப்படுவோரும்

மேற்கூறிய பாராட்டு முழுமை பெற வேண்டுமாயின், மீண்டு வந்த உலகியல் இருபாலார்க்கும் ஒப்பப் பகிரப்பட்டதா என்று காணல் வேண்டும். எள்ளலை விளக்குமிடத்துப் பேராசிரியர், ஒருவன் பிறரை எள்ளி நகுதலையும், பிறரால் தான் எள்ளப்பட்டவழித் தானே நகுதலையும் வேறு பிரித்தார். இந்நுட்பமான வேறுபாடு இங்கு மிகவும் வேண்டப்படுவது.

நடிகர் தெரிவை நோக்குக. ஆடவரைக் கண்டவுடன் காண்போர் 'இவர் இன்ன தொடரில் வீரராக வந்தவர்' என நினைப்பர். அவர் ஈண்டு வேடம் பூண்டவர் என்பது தெளிவு. வேடம் கழன்றதும் தம் இடத்திற்கு மீள்வார். மகளிரைக் கண்டவுடன் எழும் நினைவு வேறு. அவர் தம் தொழிலின் அடையாளத்தோடே அழைக்கப்பட்டவர். அவ்வடையாளமே இந்நகையின் முதற்பொருள். ஒருவர் விருந்தினர்; மற்றவர் காட்சிப்பொருள். கூடல் நிகழ்வதாகக் காண்போர் நம்புதற்கு ஆடவர் முகம் உதவுவதில்லை. மகளிர் முகமே உதவுகிறது. மேலும் இத்தொடர் வெளிவந்த தளம், ஆடவர்க்கென 2003-இல் தொடங்கப்பட்ட 'ஸ்பைக்' என்னும் தொலைக்காட்சி நிறுவனத்தைச் சார்ந்தது. அத்தொலைக்காட்சி 2018-இற் பெயர் மாற்றம் பெற்று மறைந்தது. ஆடவரை நோக்கிய அரங்கில், ஆடவர் எழுதிய கதையில், மகளிர் வந்து நின்றனர் என்பது மறக்கத்தக்கதன்று.

ஆயினும் மறுதலையும் உண்டு. காமப்படத்தில் நடித்த மகளிர்க்கு நகைச்சுவை நடிப்புக்கான வாய்ப்பை வெகுசன ஊடகம் எளிதில் அளிப்பதில்லை. இத்தொடரில் அவர்கள் தம் தொழிலின் சொல்லையும் அசைவையும் தாமே போலச் செய்து காட்டினர். வல்லமையின்றி அவ்வாறு செய்தல் இயலாது. விறைப்பாக நடித்தல் எளிது. விறைப்பான நடிப்பை நடித்துக் காட்டல் அரிது. தொடரில் தோன்றியவருள் ஒருவராகிய ஸாஷா கிரே, 2009-இல் ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய 'தி கேர்ள்ஃபிரெண்ட் எக்ஸ்பீரியன்ஸ்' என்னும் படத்திற் கதைத் தலைவியாக நடித்தார். பேராசிரியர் காட்டிய இரண்டாம் வகை எள்ளல், அஃதாவது தம்மீது வரும் எள்ளலைத் தாமே ஏற்று நகுதல், இம்மகளிர் நடிப்பில் ஓரளவு காணப்படுகிறது. எள்ளப்படுவாரும் கூடி நகுங்கால் எள்ளலின் கூர் மழுங்கும்.

இரண்டு பக்கத்தையும் தூக்கிப் பார்ப்பின், நடிப்பு மகளிர்க்கு அளித்ததைக் கதை அளிக்கவில்லை என்றே முடிவு செய்ய வேண்டியுள்ளது. கதையில் ஆடவன் தச்சனாகவும் அஞ்சுவோனாகவும் நாணுவோனாகவும் மாந்தத்தன்மை பெறுகின்றான். மகளோ வாயிலைத் திறந்து அழைக்கும் பழைய வினையோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறாள். அவள் அன்று ஏன் தனித்திருந்தாள், குழாய் உண்மையில் ஒழுகியதா என எவரும் வினவுவதில்லை. உலகியல் பாதி வாயில் வரை வந்து நின்றுவிட்டது.

7. பகடியும் அங்கதமும்

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். தொல்காப்பியர் செய்யுளியலிற் கூறும் அங்கதம், வெளிப்படையாகக் கூறும் செம்பொருள், மறைத்துக் கூறும் பழிகரப்பு என இருவகைப்படும். வகை இரண்டாயினும் அடிப்படை ஒன்றே: பழிக்கத்தக்கது ஒன்று இருத்தல். பழி இன்றி அங்கதம் இல்லை. பகடிக்கோ வேண்டப்படுவது பழி அன்று, பழகிய வடிவம். வடிவத்தை நன்கறிந்து போலச் செய்து ஓரிடத்திற் பிறழவைத்தலோடு பகடியின் கடமை நிறைவுறும்.

இவ்வேறுபாட்டை நிறுவ, இதே பொருளைக் கையாண்ட மற்றொரு படைப்பை ஒப்புநோக்குவோம். பால் தாமஸ் ஆண்டர்சன் இயக்கி 1997-இல் வெளிவந்த 'பூகி நைட்ஸ்' என்னும் திரைப்படம், கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கிற் காமப்படம் எடுப்போர் வாழ்க்கையை 1970-களின் இறுதி முதல் 1980-கள் வரை தொடர்கிறது. அதனுள்ளும் பகடி உண்டு. படத்துக்குள் எடுக்கப்படும் படங்களில் நடிப்பின் விறைப்பும் உரையாடலின் வெறுமையும் நகைக்கத்தக்கனவாக அமைந்துள்ளன. ஆயின் ஒளிப்படக் கருவி நின்றபின்னும் அப்படம் நிற்பதில்லை. ஜூலியன் மூர் நடித்த ஆம்பர் வேவ்ஸ் என்னும் பாத்திரம், தன் மகனைக் காணும் உரிமைக்காக நீதிமன்றம் சென்று, தன் தொழில் முதலிய காரணங்களால் தோற்று வெளியே நின்று அழுகிறது. சற்று முன்னர் நாம் நகைத்த அதே பெண்ணே அவள். நகையும் அழுகையும் ஒருவர் மாட்டே நிகழ்தலின், நாம் எதனைக் கண்டு நகைத்தோம் என்று நம்மையே வினவிக்கொள்கிறோம். பகடி அங்கே பழியைத் தொட்டு அங்கதமாகி, அவலத்தோடும் உறவு கொள்கிறது.

'பி.ஜி. போர்ன்' அவ்வெல்லைக்குச் செல்லவில்லை. தொழிலில் ஊதியம் எவ்வாறு, உடலுக்கு வரும் தீங்கு யாது, அத்தொழிலை விட்டவர் நிலை என்ன என்பவற்றை அது தொடுவதில்லை. சில நிமிடப் படைப்பில் இவையெல்லாம் எதிர்பார்த்தல் முறையோ எனலாம். முறையன்றுதான். குறை கூறுவதற்காக இதனைச் சுட்டவில்லை; பெயரிடுதலில் நேர்மை வேண்டும் என்பதற்காகவே சுட்டுகிறோம். வடிவத்தை நகைத்த படைப்பைத் தீமையைக் கண்டித்த படைப்பு எனப் போற்றின், தீமை கண்டிக்கப்பட்டுவிட்டது என்னும் பொய்யான நிறைவு நமக்கு உண்டாகும். காமப்படத்தின் மெலிந்த கதையைக் கண்டு நகைத்தவர், அத்தொழிலை வென்றுவிட்டதாக எண்ணுதல் எளிது. நகைத்தபின் தொழில் அவ்வாறே இருக்கும்.

நகை நிற்கும் இடம் காலத்தால் மாறுவது என்பதற்கு இத்தொடரைப் படைத்தவர் வாழ்விலேயே சான்று உண்டு. ஜேம்ஸ் கன், 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படங்களின் முதற் படத்தை 2014-இல் இயக்கிப் பெரும்புகழ் பெற்றார். ஆயின் பல ஆண்டுகளுக்கு முன் தாம் இணையத்தில் எழுதிய வரம்பு மீறிய நகைமொழிகள் மீண்டும் வெளிவந்தமையால், 2018 ஜூலையில் அவ்வரிசையின் மூன்றாம் படத்தினின்றும் நீக்கப்பட்டார். அவற்றுக்கு வருத்தமும் தெரிவித்தார். 2019 மார்ச்சில் மீண்டும் அப்பணியில் அமர்த்தப்பட்டு, 2023-இல் அப்படத்தை வெளியிட்டார். வரம்பை மீறுதலே நகை என்று கருதிய ஒரு காலத்தின் மொழிகளைப் பின்வந்த காலம் வேறு துலாக்கோலில் நிறுத்தது. நகைமொழியை நிறுக்கும்போது பின்னோர் முதலில் வினவுவது 'எத்துணை நகைத்தோம்' என்பதன்று. 'யாரை நகைத்தோம்' என்பதே.

8. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும்.

ஒன்று: பகடி மரபின் பகை அன்று, மரபின் நுண்ணிய உரை. காமப்படத்தின் முன்கதை சட்டத்தின் நெருக்கத்தாலும் அரங்கின் தேவையாலும் தோன்றி, நாடாவாலும் இணையத்தாலும் தளர்ந்தது. அது மறையும் தறுவாயில் அதன் ஒவ்வோர் உறுப்பையும் பிழையின்றிப் போலச் செய்து பதிந்து வைத்த பெருமை இத்தொடர்க்கு உண்டு. மூல வடிவத்தை அறியாத பிற்காலத்தார் இப்பகடியின்வழி அதனை அறிதலும் கூடும்.

இரண்டு: நீக்கத்தால் அமையும் நகை உண்மையிற் சேர்ப்பால் அமைவது. கூடலை நீக்கி விளைவைச் சேர்த்தமையே இத்தொடரின் உயிர். இவ்வளவை பிற பகடிகட்கும் பொருந்துமா என ஆராய்தல் பயன் தரும். ஒரு பகடியைக் கையில் எடுக்கும் ஆய்வாளர், மூலத்தில் இருந்த எது இங்கு இல்லை என்பதோடு நில்லாது, மூலத்தில் இல்லாத எது இங்கு வந்து சேர்ந்தது என்பதனையும் தேடுதல் வேண்டும்.

மூன்று: பகடியும் அங்கதமும் வேறு. 'பி.ஜி. போர்ன்' நிறைவான பகடி. அங்கதம் என்னும் பெயர்க்கு அது உரியதன்று. வடிவத்தை எள்ளும் ஆற்றல் அதற்கு நிரம்ப உண்டு. அவ்வடிவத்தைத் தாங்கி நிற்கும் உழைப்பையும், குறிப்பாக மகளிர் உழைப்பையும், நோக்கும் கண் அதற்கு வாய்க்கவில்லை. பகடி முடிந்த இடத்தில் அங்கதம் தொடங்க வேண்டும். வாயிலில் வந்து நின்ற தச்சனுக்கு அச்சமும் நாணமும் கிடைத்துவிட்டன. கதவைத் திறந்தவளுக்கு அவை கிடைக்கும் கதையை எழுதுவோர் எழுதுங்கால், அதனை ஆராய்வார்க்கு வேறொரு கட்டுரை வேண்டியிருக்கும்.